கட்டிலோடு கட்டுண்டவர்கள்



எருசலேமில் ஆட்டு வாயிலருகே இருந்த குளத்தின் கரையில் 38 ஆண்டுகளாய் நோயுற்றுக் கிடந்த ஒரு மனிதனை அருளப்பர் தம் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் நமக்குக் காட்டுகிறார். குணமடைய விருப்பமா என்று ஆண்டவர் அவனைக் கேட்கிறார். விருப்பம் என்று அவன் சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும் வேளையில் தன்னை இறக்கிவிட ஒருவருமில்லை என்கிறான். தான் நகர்வதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்று முறையிடுகிறான். இந்த மனிதனை விசுவாசம் குன்றியவன் என்று கண்டித்துப் பேசும் பிரசங்கங்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெடுநாள் படுத்துக் கிடப்பவர்களோடு பேசிப் பழகியவர்களுக்கு இந்தப் பதில் புதிதுமல்ல. கேட்ட கேள்விக்கு மறுமொழி வராது; நெஞ்சில் நெடுநாளாய்க் கிடந்து புழுங்கியதே வெளியில் வரும்.

ஆண்டுதோறும் பெப்ரவரி 11ஆம் திகதி, லூர்து அன்னையின் திருநாளன்று, திருச்சபை உலக நோயாளர் தினத்தை அனுசரிக்கிறது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1992இல் அதை ஏற்படுத்தினார். 1993இல் அது முதன்முறையாகக் கொண்டாடப்பட்டது. அன்று எல்லா நோயாளருக்காகவும் பொதுவாகச் செபிக்கிறோம். நான் இங்கே ஒரே ஒரு வகையினரைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். கால் எலும்பு முறிந்து, காலில் பாரம் கட்டி இழுத்த நிலையில், வாரக் கணக்காய் ஒரே கட்டிலில் அசையாமல் கிடப்பவர்களைப் பற்றி.

பனையிலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் போய் லொறியோடு மோதுண்டவர், கிணற்றடிப் பாசியில் வழுக்கிய பாட்டி என்று இவர்கள் பலதிறத்தவர். ஆனால் இவர்களுக்குள் ஓர் ஒற்றுமை உண்டு. காய்ச்சல்காரனைப் போல் இவர்கள் மயங்கிக் கிடப்பதில்லை. பசி எடுக்கும், அறிவு தெளிவாய் இருக்கும், கைகள் இரண்டும் வேலை தேடும். விழுவதற்கு முந்திய நிமிடம்வரை ஓடி உழைத்த உடம்பு அது. அந்த உடம்பைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

வைத்தியர்கள் ட்ரக்ஷன் என்று சொல்வதை, காலுக்குப் பாரம் போட்டிருக்கிறது என்று வீட்டார் சொல்வார்கள். அது ஏன், எப்படி என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. தொடை எலும்பு நம் உடலிலேயே பெரிய எலும்பு. அதைச் சுற்றியுள்ள தசைகளும் அதற்கேற்ற வலிமை உடையவை. எலும்பு முறிந்ததும் இத்தசைகள் இறுகிச் சுருங்குகின்றன. முறிந்த துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ள, கால் குட்டையாகிவிடும். அதைத் தடுப்பதற்காக முழங்காலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின் குறுக்காக ஓர் உருக்குக் கம்பியைச் செலுத்துகிறார்கள். கம்பியில் கயிறு கட்டி, கயிற்றைக் கால்மாட்டிலுள்ள கப்பியின்மேல் விட்டு, நுனியில் பாரத்தைத் தொங்கவிடுகிறார்கள். கட்டிலின் கால்மாட்டையும் உயர்த்தி வைக்கிறார்கள். இல்லாவிட்டால் பாரம் ஆளையே கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போய்விடும். உயர்த்தி வைத்தால் நோயாளியின் சொந்த உடற்பாரமே எதிர்ப்பக்கமாக இழுத்து ஈடுகொடுக்கும். இப்படிக் குறுக்கே செலுத்தும் கம்பியை 1907இல் கையாண்டவர் சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியர் ஸ்ரைன்மன். அதற்கு முன்னரே, 1861இல், அமெரிக்க வைத்தியர் பக், தோலின்மேல் ஒட்டும் பட்டியைச் சுற்றிப் பாரம் கட்டும் முறையை விவரித்திருந்தார்.

வளர்ந்த ஒருவரின் தொடை எலும்பு இவ்விதம் பொருந்துவதற்கு 10 முதல் 12 வாரங்கள்வரை செல்லும். சின்னஞ்சிறு குழந்தைகளானால் இரண்டு கால்களையும் மேலே தூக்கிக் கட்டி, பிட்டம் மெத்தையில் படாதபடி தொங்கவிடுவார்கள். முதன்முறை காணும் தாய்மார் அழுதுவிடுவார்கள். குழந்தையோ இரண்டாம் மூன்றாம் நாளில் அதற்குப் பழகிச் சிரிக்கும்.

1939இல் ஜேர்மனியரான குயின்ற்ஷர், எலும்பின் உட்குழிக்குள்ளேயே உலோகக் கம்பியைச் செலுத்தி நிறுத்தும் சத்திரசிகிச்சையைத் தொடக்கிவைத்தார். அவ்வழி வளர்ந்து, இப்போது பெரும்பாலும் சில நாட்களிலேயே நோயாளியை எழுப்பி நடக்கப் பழக்குகிறார்கள். இறைவனுக்கு நன்றி. ஆயினும் சத்திரசிகிச்சைக்கு முறை காத்திருப்பவர்களும், அதைத் தாங்க உடல் இடங்கொடாதவர்களும், சிறு பிள்ளைகளும் இன்றும் பாரத்தின் கீழ்க் கிடக்கிறார்கள். முன்னாளில் மூன்று மாதம் கிடந்து எழும்பிய பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். வலியைப் பற்றி அதிகம் சொல்லமாட்டார்கள். முகட்டைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆம், முகடுதான். மல்லாந்து கிடப்பவனுக்கு அதுவே உலகம். தீராந்திகள் எத்தனை, சிலந்தி எந்த மூலையில் வலை கட்டியது, காலை வெயில் எந்தச் சுவரில் விழுந்தால் தேத்தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். குதிக்காலில் ஒரு கடி எடுக்கும், கை எட்டாது. கரண்டி கீழே விழும். யாராவது அந்த வழியால் வரும்வரை அது அங்கேதான் கிடக்கும். யாரோ கட்டிலில் இடித்துவிட்டுப் போவார்கள், பாரம் ஊஞ்சலாடும், முறிவுக்குள் மின்னல் வெட்டியதுபோல் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரன் வீட்டுக்குப் போவான். அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவன் வருவான். அவனும் போவான்.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், மற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை என்பார்கள். அந்த மற்றது என்ன என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. பெரிய மனிதர் ஒருவர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர், மலசலம் கழிப்பதற்கு இன்னொருவரைக் கூப்பிட்டுச் சட்டி வைக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. திரைச்சீலை பாதி மறைக்கும், பாதி மறைக்காது. இதற்கு அஞ்சியே தண்ணீர் குடிப்பதைக் குறைப்பவர்களும், சாப்பாட்டைத் தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதனால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொல்லையும் வந்து சேரும். வீட்டாருக்கு மட்டும் காரணம் விளங்காது. சமைத்துக் கொண்டுவந்ததை இவர் தொடுகிறாரில்லை என்று மனைவி குறைப்படுவாள்.

ஆண்டவர் சீடர்களின் பாதங்களைக் கழுவ முழந்தாளிட்ட இரவில் பேதுரு மறுத்தார் அல்லவா? நம்முடைய பிரசங்கங்கள் எப்போதும் கழுவிய கரங்களைப் பற்றியே பேசுகின்றன. கழுவக் கொடுத்த பாதங்களைப் பற்றிப் பேசுவது குறைவு. பேதுருவுக்கு வேலை செய்யத் தெரியும், வலை இழுக்கத் தெரியும், வாள் உருவவும் தெரியும். பிறர் கையில் தன் காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மட்டும் தெரியவில்லை. அருளப்பர் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் அதே பேதுருவிடம், முதிர்ந்த வயதில் வேறொருவர் அவருக்கு இடைக்கச்சை கட்டி, அவர் விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்று முன்னறிவிக்கிறார். அது அவருடைய வேதசாட்சி மரணத்தைக் குறித்தது என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். ஆனால் கட்டிலில் கிடக்கும் ஒருவருக்கு அந்தப் பகுதியை வாசித்தால், அது தனக்காகவே எழுதப்பட்டதுபோல் கேட்டுக்கொண்டிருப்பார்.

கப்பியையும் பாரத்தையும் உவமையாக்கிப் பிரசங்கம் செய்வது எளிது. இழுக்கும் பாரம் துன்பம், நேராகும் எலும்பு ஆன்மா என்று சொல்லி முடித்துவிடலாம். கட்டிலில் கிடப்பவருக்கோ அது பாரந்தான். அவருக்கு நம் உவமையால் ஆவது ஒன்றுமில்லை.

அதேபோல் நாம் கூசாமல் சொல்லும் இன்னொரு வார்த்தையும் உண்டு. ஒப்புக்கொடுங்கள் என்கிறோம். இது பொய்யான போதனை அல்ல. தம் உடலில் தாங்கும் பாடுகள் திருச்சபையாகிய உடலுக்குப் பயன்படுவதாகப் புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதினார். ஆனால் அதே சின்னப்பர் தம் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்றுமுறை மன்றாடியதையும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். முதலில் மன்றாடினார், பின்னரே ஏற்றுக்கொண்டார். முந்தியதற்கு நாம் நேரம் கொடுப்பதில்லை. பார்வையாளர் நேரத்தில் வந்து, ஐந்து நிமிடம் நின்று, ஒப்புக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் நம் இரண்டு கால்களாலும் நடந்து வெளியே போய்விடுகிறோம். நோயாளி என்ன நினைப்பார்? “சுவாமி, முதல் கிழமை செபிச்சன். இப்ப வாய் மட்டும் முணுமுணுக்குது, உள்ளுக்கை ஒண்டுமில்லை” என்று மெல்லச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது பாவசங்கீர்த்தனத்தில் பெரும் பாவத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்துகிறார்கள். செபம் வறண்டுபோவது பாவமன்று, பிரியமானவர்களே. அசையாத உடம்பில் நித்திரையும் கெடுகிறது, பசியும் கெடுகிறது; செபம் மட்டும் கெடாமல் இருக்குமா?

துன்பம் தானாகவே ஒருவரைப் புனிதராக்கிவிடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அது சரியன்று என்பதற்குத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. அவரும் கால் முறிந்தவர். அவருடைய காலையும் கருவி கொண்டு இழுத்தார்கள். அவர் லொயோலா இஞ்ஞாசியார்.

1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி ஸ்பெயின் நாட்டின் பம்ப்லோனாக் கோட்டையில், பிரெஞ்சுப் படையின் பீரங்கிக் குண்டு அவருடைய வலது காலை முறித்து இடது காலையும் காயப்படுத்தியது. அப்போது அவர் புனிதர் அல்லர். முப்பது வயதளவான போர்வீரர்; புகழிலும் அலங்காரத்திலும் ஆசை மிக்கவர். எதிரிகளே அவருக்குச் சிகிச்சை செய்து, பல்லக்கில் வைத்து லொயோலாவிலுள்ள அவர் வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை என்று கண்ட வைத்தியர்கள் மறுபடியும் அதை முறித்துப் பொருத்தினார்கள். மயக்க மருந்து என்று ஒன்று அறியப்படாத காலம் அது. அவர் வாய் திறக்கவில்லை. கை முஷ்டியை இறுக்கிக்கொண்டார், அவ்வளவுதான். நிலைமை மோசமாகி, அவஸ்தை தேவதிரவிய அனுமானங்களும் பெற்றார். புனித பேதுரு, சின்னப்பர் திருநாளுக்கு முந்திய நாள், நள்ளிரவுக்குள் தேறாவிட்டால் பிழைக்கமாட்டார் என்றார்கள் வைத்தியர்கள். அந்த இரவிலேயே தேறத் தொடங்கினார்.

இதற்குப் பின் நடந்ததைக் கவனியுங்கள். எலும்பு கூடியது, ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு மற்றதன்மேல் ஏறியிருந்தது. கால் குட்டை, எலும்பு புடைத்து அவலட்சணமாய்த் தெரிந்தது. அக்காலத்துப் பிரபுக்கள் அணிந்த காலை இறுக்கிப் பிடிக்கும் அழகிய சப்பாத்தை இனி அணிய முடியாதே என்பது அவர் கவலை. புடைத்த எலும்பை அறுத்துவிடும்படி கேட்டார். இதுவரை பட்டதைவிட வேதனை அதிகமாகும் என்று வைத்தியர்கள் எச்சரித்தார்கள். அவருடைய தமையன் கேட்டுத் திடுக்கிட்டு, தன்னால் இதைத் தாங்க முடியாது என்றார். இவரோ இணங்கினார். சதையை வெட்டி எலும்பை வாளால் அரிந்தார்கள். பின்பு கால் குட்டையாகாதிருக்கத் தைலம் பூசி, கருவிகளால் இடைவிடாமல் இழுத்து வைத்தார்கள். பல நாட்கள் அந்தச் சித்திரவதை நீடித்தது. பிற்காலத்தில், 1553க்கும் 1555க்கும் இடையில், கொன்சால்வெஸ் த காமரா என்ற குருவிடம் தம் வரலாற்றைச் சொன்னபோது இதை அவர் மறைக்கவில்லை. சொந்த விருப்பத்துக்காகவே அந்த வேதனையை ஏற்றதாகச் சொன்னார்.

ஒரு சப்பாத்துக்காக! அத்தனை பொறுமையும் தைரியமும் வீண் பெருமைக்கே செலவாயின. இழுத்துக் கட்டிய நாட்களில் அவர் ஓர் அணுவளவும் மனந்திரும்பியதாகத் தெரியவில்லை. மனந்திரும்புதல் பின்னால் வந்தது. வலி குறைந்து, உடம்பு நன்றாகி, ஆனால் காலை ஊன்ற முடியாமல் சும்மா படுத்திருந்த நாட்களில், அந்தச் சலிப்பில் வந்தது. பொழுதுபோக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. சாக்சனி லுடோல்ப் எழுதிய கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் சரிதை நூலொன்றும் கிடைத்தன. வேறு வழியில்லாமல் வாசித்தார்.

வாசித்தபோதும் மனம் முழுவதும் அங்கே நிற்கவில்லை. ஒரு சீமாட்டிக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களை எண்ணி மூன்று நான்கு மணி நேரம் கனாக் காண்பார். பிறகு, அசிசியாரும் தோமினிக்கும் செய்ததைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணுவார். இரண்டு நினைவுகளும் நினைக்கும்போது இனித்தன. காலஞ்சென்றே ஒன்றைக் கண்டுபிடித்தார். முந்திய நினைவு போன பின் மனம் வறண்டு அதிருப்தியாய்க் கிடந்தது. பிந்திய நினைவு போன பின்னும் மகிழ்ச்சி எஞ்சி நின்றது. இந்தச் சிறு வேறுபாட்டைக் கவனித்ததுதான் அவர் கட்டிலில் செய்த வேலை. 1548இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த ஆன்மிகப் பயிற்சிகள் என்னும் நூலில், ஆவிகளைப் பகுத்தறியும் விதிகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. திருச்சபையின் பெரிய பொக்கிஷங்களில் ஒன்று ஒரு கால் முறிந்தவரின் பகற்கனவிலிருந்து பிறந்தது என்றால், பகற்கனவு காண்கிறோமே என்று நம் நோயாளிகள் வெட்கப்படத் தேவையில்லை.

ஆகவே, கட்டிலில் கிடப்பவர்களே, இதை உங்களுக்கு யாராவது வாசித்துக்காட்டினால், உங்களிடம் நான் கேட்பது மிகச் சிறிது. நீண்ட செபங்கள் வரவில்லையானால் விட்டுவிடுங்கள். நாள் முழுவதும் எத்தனையோ நினைவுகள் வரும்: மோதிய வாகனக்காரன்மேல் கோபம், அறுவடை என்னாகுமோ என்ற பயம், வீட்டு முற்றம், பிள்ளையின் சிரிப்பு, செத்துப்போன தாய். அவற்றைத் துரத்த வேண்டாம். ஒவ்வொன்றும் போன பின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்று மட்டும் பாருங்கள். இரவில் அதை ஆண்டவரிடம் ஓரிரு வார்த்தையில் சொல்லுங்கள். கோபமானால் கோபம் என்றே சொல்லுங்கள். இஞ்ஞாசியார் அந்நாட்களில் வானத்தையும் நட்சத்திரங்களையும் நெடுநேரம் பார்த்து ஆறுதல் பெற்றார் என்று அவர் வரலாறு கூறுகிறது. உங்கள் கட்டிலிலிருந்து யன்னல் தெரியாவிட்டால், தெரியும்படி கட்டிலைத் திருப்ப முடியுமா என்று தாதியிடம் கேட்பதில் தவறில்லை.

இனி வீட்டாருக்கு. 1984இல் அதே பெப்ரவரி 11ஆம் திகதி இரண்டாம் அருள் சின்னப்பர் மனிதத் துன்பத்தைப் பற்றி ஒரு திருமடல் வெளியிட்டார். கிறிஸ்துவின் பாடுகளோடு இணைவதைப் பற்றி விரிவாக எழுதிய அவர், அதை அந்த இடத்தில் முடிக்கவில்லை. நல்ல சமாரியனிடம் கொண்டுவந்து நிறுத்தினார். துன்புறுபவரைக் கண்டு கைகட்டி நிற்கக் கிறிஸ்தவனுக்கு உரிமையில்லை என்பதே அதன் கருத்து. மாற்கு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதக்காரனை நாலுபேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். படுத்திருந்தவன் அங்கே ஒரு வார்த்தையும் பேசியதாக இல்லை. ஆண்டவர் பார்த்தது தூக்கி வந்தவர்களின் விசுவாசத்தையும்தான். ஆகையால் நோயாளியின் செபம் வறண்டிருக்கும் காலத்தில் வீட்டில் சொல்லும் செபமாலை அவரைத் தூக்கிச் செல்லும் பாய் என்று நினையுங்கள். செபமாலையோடு மட்டும் நின்றுவிடவும் வேண்டாம்.

பாரத்தைத் தொடாதீர்கள். இரக்கப்பட்டுச் சற்று உயர்த்திப் பிடிப்பதும், கட்டிலை நகர்த்தும்போது கழற்றி வைப்பதும் பெரிய கெடுதி. தசை மீண்டும் சுருங்கி எலும்பு விலகும். கட்டிலின் விளிம்பில் உட்காராதீர்கள். கதிரையில் இருங்கள், அதுவும் அவர் கழுத்தைத் திருப்பாமல் உங்கள் முகத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில். முதுகின் அடிப்பாகமும் குதிக்காலும் சிவந்திருந்தாலோ, கம்பி நுழையும் இடத்தில் சீழ் கண்டாலோ, பாதத்தை மேல்நோக்கி அசைக்க முடியவில்லை என்று அவர் சொன்னாலோ உடனே தாதிக்கு அறிவியுங்கள். மூச்சு முட்டினாலும் நெஞ்சு வலித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. அசையாத காலில் இரத்தம் உறைந்து நெஞ்சுக்கு ஏறுவதுண்டு.

ஒரு கண்ணாடியும் சீப்பும் கொண்டுபோங்கள். தலை கழுவிவிட முடியுமா என்று கேட்டுச் செய்யுங்கள். ஈரத் துவாயால் முதுகு துடைப்பதும் முகம் மழித்துவிடுவதும் ஒரு பிரசங்கத்தைவிடப் பெரிய ஆறுதல். சட்டி வைக்கும் வேலைக்கு மனைவியா, மகனா, அற்றென்டனா என்பதை அவரையே தெரிவுசெய்ய விடுங்கள். அவருக்கு எஞ்சியிருக்கும் சிறு சுதந்திரம் அது. அந்த நேரத்தில் மற்றவர்கள் வெளியே போங்கள். வீட்டுக் காரியங்களை மறைக்காதீர்கள். கடன்காரன் வந்தானா, பிள்ளை பள்ளிக்கூடம் போனதா என்பதைச் சொல்லி, அவருடைய தீர்மானத்தைக் கேளுங்கள். கால்தான் முறிந்தது, குடும்பத்தலைவன் முறியவில்லை. கிடப்பவர் தாயானால் இன்னும் கவனம் வேண்டும். பெண்கள் தமக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதில்லை. தாம் இல்லாமல் அடுப்படி எப்படி இருக்கிறது என்பதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

குருவானவரை அழைக்கத் தயங்காதீர்கள். சுவாமி வந்தால் கடைசி நேரம் வந்துவிட்டது என்று பயப்படும் வழக்கம் நம்மவரிடம் முழுதாய்ப் போகவில்லை. 1972இல் ஆறாம் சின்னப்பர் புதுப்பித்த சடங்கின்படி அது நோயில் பூசுதல். மரணத் தறுவாய்க்கு மட்டும் உரியதன்று. கடும் நோயின் பொருட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு முன்பும், முதுமையால் தளர்ந்தவர்களுக்கும் அது கொடுக்கப்படலாம். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் கட்டளையும் நோயாளரையும் முதியோரையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் கட்டுப்படுத்தாது. அதிகாலை முதல் கட்டிலருகே நிற்கும் மகள் தேத்தண்ணீர் குடித்துவிட்டோமே என்று ஒதுங்கி நிற்பதைப் பார்க்கிறோம். அவளும் தந்தையோடு சேர்ந்து ஆண்டவரை உட்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்துக்கோ வார்ட்டில் தனிமை கிடைப்பது கடினம். குருவானவர் வருமுன் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினரைப் பக்குவமாக வெளியே அழைத்துச் செல்வது ஒரு நல்ல ஊழியம். மரியாயின் சேனையினர் அதைச் செய்யலாம்.

பாரம் கழற்றப்படும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டார் மகிழ்ந்து இனிப்புக் கொடுப்பார்கள்; நோயாளி பயந்துபோயிருப்பார். அவருடைய கால் மெலிந்து, முழங்கால் மடங்காமல், வேறு யாருடையதோ போல் இருக்கும். எழும்பி இருத்தினால் தலை சுற்றும். இவ்வளவு காலமும் எதை வெறுத்தாரோ அந்தக் கயிறு இல்லாமல் எலும்பு நிற்குமோ என்று ஐயப்படுவார். அந்த நாளில்தான் வருகைகள் குறைந்துவிடுகின்றன. ஆபத்து நீங்கிவிட்டது என்று அயலவர்கள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஊன்றுகோலோடு கோயிலுக்கு வருபவருக்கு வாசலுக்கு அருகே ஓர் இருக்கையை ஒதுக்கிவையுங்கள். முழந்தாளிட முடியவில்லையே என்று அவர் கூசாமல் இருக்க, அருகிலிருப்பவரும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

இஞ்ஞாசியாருக்கும் கால் முழுதாய்ச் சரியாகவில்லை. அத்தனை அறுப்பும் இழுப்பும் செய்தும் ஒரு கால் சற்றுக் குட்டையாகவே நின்றது. வாழ்நாள் முழுவதும் சிறிது நொண்டியே நடந்தார். 1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவேறு கழுதையில் ஏறி மொன்செராத் அன்னையின் திருத்தலத்தை நோக்கிப் புறப்பட்டார். சவாரி செய்து வந்தபோதிலும் அந்தக் கால் இரவுதோறும் வீங்கியது. வழியில் நாரினால் செய்த ஒரு சோடி ஏழைச் செருப்பு வாங்கினார். அவற்றில் ஒன்றை மட்டும், கட்டுப் போட்டிருந்த அந்தக் காலுக்கு அணிந்துகொண்டார்.